தாமரை இலையில் இரண்டு பொட்டலம்

என் மூக்கைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும். சின்ன வயதில் அது எங்கள் பக்கத்தில் பிரசித்தம். தோவாளைச் சந்தையில் அப்பாவுக்குப் பூக் கமிஷன் கடை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வியாபாரம் ஓய்ந்ததும் தோளில் கிடக்கும் துண்டால் என் கண்ணைக் கட்டி, ஒரு கைப்பிடிப் பூவை முகத்துக்கு நேரே நீட்டி, "சொல்லு மக்கா" என்பார். பிச்சி, முல்லை, மருக்கொழுந்து, சம்பங்கி என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். நேற்றுப் பறித்ததா இன்று பறித்ததா என்றும் சொல்வேன். சில வியாபாரிகள் என்னை ஏமாற்ற மணமில்லாத அரளியை நீட்டுவார்கள். "போங்க மாமா, மணம் இல்லாத பூவ நீட்டி ஏமாத்தப் பாக்கியளா?" என்று சொல்லிவிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கடலை மிட்டாய் கிடைக்கும்.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்காது. பொம்பளைப் பிள்ளையைக் குரங்காட்டி மாதிரிக் கூட்டிக்கொண்டு அலைவதாகத் திட்டுவாள். அப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவருக்கு அவ்வளவு பெருமை.

எங்கள் வீட்டில் அந்த மாதிரி மூக்கு இன்னொருத்திக்கும் இருந்தது. அத்தைக்கு. அப்பாவின் ஒரே தங்கை. தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். மாமா வளைகுடாவில் ஏசி மெக்கானிக். லீவில் வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையை முட்டம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாறைமேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அலை வந்து அத்தையை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரையில் நின்ற மீன்காரர்கள் குதித்துத் தூக்கிவிட்டார்கள். உயிர் இருந்தது. ஆனால் மூளைக்கு மூச்சுப் போகாமல் கிடந்த நேரம் அதிகம் என்று டாக்டர் சொன்னாராம். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்துவிட்டு, மூக்கில் ஒரு குழாயோடு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமா வேலையை விட்டுவிட்டு அவள் கூடவே வந்து தங்கினார்.

அப்போது எனக்கு எட்டு வயது. அத்தை தூங்குகிறாள் என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நல்ல தூக்கம்! அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடப்பாள். நான் அறைக்குள் போனால் அந்தக் கண் என்மேல் விழும், ஆனால் நிற்காது, என்னைத் தாண்டிச் சுவரில் எதையோ பார்க்கும். நானும் திரும்பிப் பார்ப்பேன். சுவரில் ஒன்றும் இருக்காது. கொட்டாவி விடுவாள். சில நேரம் ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வழியும், மற்ற கண் காய்ந்திருக்கும்.

ஒருநாள் அவள் உள்ளங்கையில் விரலை வைத்துப் பார்த்தேன். சட்டென்று மூடிக்கொண்டது. இழுத்தேன், விடவில்லை. அழுதேன், அப்போதும் விடவில்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை, பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது. மாமா ஓடிவந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். "பேடிக்காத மக்கா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பொறந்த பிள்ள பிடிக்கும்லா, அது மாதிரித்தான்" என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

விளக்கு வைத்த பிறகுதான் இன்னும் மோசம். அத்தை பல்லைக் கடிக்கத் தொடங்குவாள். கல்லைக் கல்லோடு வைத்துத் தேய்க்கிற சத்தம். அடுத்த அறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தோடுதான் நான் வாய்ப்பாடு படித்தேன். அதே நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் எங்கள் தோட்டத்தில் பிச்சி வெள்ளை வெளேரென்று விரியும். ஜன்னல் வழியாக மணம் உள்ளே வந்ததும் அத்தையின் மூக்கு விடைக்கும், மூச்சு நீளும். அப்பா வாசற்படியில் நின்றபடியே அதைக் காட்டி, "பாத்தியளா, பூ மணம் தெரியுது அவளுக்கு" என்பார். உள்ளே வரமாட்டார். அத்தையைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி அலசுவது, கஞ்சியை வடிகட்டிக் குழாயில் ஊற்றுவது எல்லாமே மாமாதான்.

இரண்டாவது வருஷம் அத்தைக்கு மூன்று தடவை காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியது. மூன்று தடவையும் ஆம்புலன்ஸ், ஐசியூ, தொண்டைக்குள் வேறொரு குழாய், கட்டிலோடு சேர்த்துக் கட்டிய கைகள். மூன்றாவது தடவை திருப்பி அனுப்பும்போது டாக்டர் அப்பாவையும் மாமாவையும் உட்கார வைத்துப் பேசினார். இவள் எழும்பப் போவதில்லை, அடுத்த தடவை இங்கே கொண்டுவந்து வதைக்கவேண்டுமா என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் என்றாராம்.

அன்றோடு வீடு இரண்டாயிற்று. இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். அப்பா சந்தையில் ஏலம் விடுகிற குரலில் கத்தினார். "அண்ணைக்கு அலையில விட்டே. இப்ப சாகவும் விடுவியாலே?" மாமா ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னார். "அத்தான், ஒரு நாள் நீங்க அவ பக்கத்துல இரிங்க. பொறவு பேசுவோம்." அப்பா இருக்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்து அப்பா பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கிற ஆசை வந்துவிட்டது என்று பேசினார்கள். மாமா அப்போது அத்தையின் துணியைக் கொடியில் விரித்துக்கொண்டு நின்றார். காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. அதற்கப்புறம் அப்பாவும் மாமாவும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். "மாமாட்டச் சொல்லு, நர்ஸ் நாளைக்கு வருது." "அப்பாட்டச் சொல்லு, மருந்து தீந்து போச்சு." நான்தான் தபால்காரி.

அம்மாதான் ஒரு வழி சொன்னாள். "நீங்களும் சொல்லாண்டாம், அவியளும் சொல்லாண்டாம். பூக்கட்டிப் பாப்போம். அம்மன் சொல்லட்டும்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்களுக்குப் புதிது இல்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரிக் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு தந்துவிட்டாள், சிவப்பு வந்தால் இல்லை. அதற்குமேல் யாரும் வாய் திறக்கக்கூடாது. எடுக்கிற பிள்ளைக்கு என்ன கேள்வி என்று சொல்லமாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அத்தைக்காக என்று மட்டும் சொன்னார்கள்.

அப்பா குதிப்பார் என்று அம்மா பயந்தாள். அவர் உடனே சரி என்றுவிட்டார். இரண்டே நிபந்தனை. பூவை அவர்தான் கட்டுவார், வேறு யாரும் தொடக்கூடாது. கோவிலுக்குச் சாயங்காலம்தான் போகவேண்டும், காலையில் சந்தையை விட்டுவர முடியாது. பூசாரி காலை நேரம்தான் விசேஷம் என்று சொல்லிப் பார்த்தார், அப்பா கேட்கவில்லை. பூக்காரன் பூக்கட்டுவதில் யாருக்கு என்ன மறுப்பு! மாமாகூடத் தலையாட்டினார்.

அன்று காலையில் அப்பா சந்தைக்குப் புறப்படும் முன் என்னை எழுப்பினார். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சளி கிளி ஒன்றும் இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் இசக்கியம்மன் ஊருக்கு வெளியே, கால்வாய்க் கரையில் இருக்கிறாள். இடுப்பில் ஒரு பிள்ளை. புதிதாகச் சாயம் அடித்த கண்கள், பெரிய கண்கள். அத்தையின் கண்ணைப் போலவே அவையும் என்னைத் தாண்டி எதையோ பார்த்தன. ஈரத் தலையோடு நின்றேன். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்று அன்றைக்கென்று அடிக்கவே இல்லை. விளக்குச் சுடர் அசையாமல் நின்றது. பூசாரி தாமரை இலையில் கட்டிய இரண்டு பொட்டலங்களையும் தட்டில் போட்டுக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். "கண்ண மூடிட்டு ஒண்ண எடு தாயி" என்றார்.

கண்ணை மூடினேன். மூடினதுமே இடதுபக்கம் பிச்சி மணத்தது.

இதென்ன கூத்து! கண்ணை மூடினால் எனக்கு ஒளித்துவைக்க முடியாது என்று சந்தைக்கே தெரியும். இத்தனை பெரியவர்களும் அதை மறந்துவிட்டார்களே என்று நினைத்தேன். சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அதற்குள் எனக்கு ஒரு கணக்கு ஓடிவிட்டது. வெள்ளை என்றால் நல்லது. நல்லது என்றால் அத்தை எழும்பிவிடுவாள். பல்லைக் கடிக்கமாட்டாள். மாமா சிரிப்பார், அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வார்கள். ஒரே ஒரு கள்ளத்தனத்துக்கு அம்மன் ஒன்றும் செய்துவிட மாட்டாள். இடதுபக்கம் கையை நீட்டி எடுத்தேன்.

பூசாரி நாரைப் பிரித்தார். உள்ளே ஏழெட்டுப் பிச்சி, அப்போதுதான் விரிந்தவை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அப்படியே அம்மன் முன்னால் தரையில் உட்கார்ந்து, "வேண்டாம்மா, எனக்கு வேண்டாம்மா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா அழவில்லை. அந்தப் பிச்சியைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாயிற்று. அத்தை பல்லைக் கடிக்கவில்லை. நான் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், சத்தமே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், அப்பா முதன்முதலாக அத்தையின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முடிச்சை அவிழ்த்து அவள் முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் மூக்கு விடைத்தது. பிறகு அவர் தன் விரலை அவள் உள்ளங்கையில் வைத்தார். கை மூடிக்கொண்டது. அவர் இழுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

கார்த்திகை மழையில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. பார்க்க வந்திருந்த ஒன்றுவிட்ட சித்தப்பாவின் கார் முற்றத்தில் நின்றது, யாரும் அதை எடுக்கவில்லை. போன் மேசைமேல் இருந்தது, யாரும் தொடவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகல்லியாம்மா?" என்று கேட்டேன். "அம்மன் உத்தரவு ஆயாச்சுல்லா மக்கா. நீதானே எடுத்தே" என்றாள் அம்மா. அப்போதுதான் எனக்குக் கேள்வி என்னவென்று தெரிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை போய்விட்டாள். கடைசிவரை கண் திறந்தே இருந்தது. மூச்சு நின்ற பிறகும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மனிடம் கள்ளத்தனம் பண்ணினேன், அவள் அத்தையை எடுத்துக்கொண்டாள் என்று நம்பினேன். இசக்கி கோவில் பக்கம் போகவே மாட்டேன். சாயங்காலம் பிச்சி மணக்கும்போதெல்லாம் அடுத்த அறையில் பல் கடிபடுகிற சத்தம் கேட்கும். அறை பூட்டியிருக்கும், ஆனால் கேட்கும். கல்யாணத்துக்குக்கூடப் பிச்சி வேண்டாம், ஒவ்வாது என்று சொல்லிவிட்டேன். தோவாளைப் பூக்காரன் மகள் சொல்கிற பேச்சா என்று ஊரே சிரித்தது. சந்தைக்கும் போகவில்லை. அப்பாவும் வா என்று கூப்பிடவில்லை. அதற்கப்புறம் ஒருநாள்கூட அவர் என் கண்ணைக் கட்டவில்லை. துக்கத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்பாவும் போய் இப்போது நாலு வருஷம் ஆகிறது.

போன மாசம் மாமியார் வீட்டில் ஒரு மனை வாங்குவதற்குப் பூக்கட்டிப் பார்த்தார்கள். பூ வாங்கப் போன என் வீட்டுக்காரர் கொஞ்சம் பிச்சியும் சிவப்பு அரளியும் வாங்கி வந்துவிட்டார். பூசாரி ஒரு வயசாளி. வாங்கி வந்த பூவைப் பிரித்துப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துப் பிச்சியை ஒதுக்கி வைத்தார். "ரெண்டும் அரளியாத்தான் இருக்கணும். பிச்சி வச்சா மணமே காட்டிக் குடுத்திரும்லா. விவரம் தெரிஞ்ச எந்தப் பூக்காரனாவது இத வைப்பானா?"

அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோவாளைச் சந்தை காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஓய்ந்துவிடும், அதற்கப்புறம் கோவிலுக்குப் போவதற்கு என்ன தடை? காலையில் பிச்சி மொட்டாக இருக்கும், மணக்காது. சாயங்காலம்தான் விரியும். நாற்பது வருஷம் பூவில் புழங்கிய மனுஷன் அப்பா. எட்டு ஊர் கேட்கக் கத்திவிட்டு, தன் வாயால் சொல்லமுடியாததை என் கையால் எடுக்கவைத்திருக்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையப்பா நான்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பேனா? திட்டுவதற்கு ஆள் இல்லை. அங்கேயே நின்று அழுதேன். மனைக்காக அழுகிறேன் என்று மாமியார் நினைத்துக்கொண்டாள்.

அந்தக் காலைநேரம் மட்டும் இப்போது திரும்பத் திரும்ப வருகிறது. பொழுது விடியவில்லை. அப்பா என் பாயருகே குந்தியிருக்கிறார். நெற்றியில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "சளி கிளி ஒண்ணுமில்லியே மக்கா? மூக்கு நல்லா இருக்கா?" என்று கேட்கிறார். பச்சைத் தண்ணீரில் குளிக்கப்போகிற பிள்ளைமேல் அப்பாவுக்கு எவ்வளவு கரிசனம் என்று எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவருடைய துண்டை இழுத்து மூக்கில் வைத்து மோந்து பார்த்துவிட்டு, "நல்லா மணக்குப்பா" என்றேன்.