சிவப்புத் தண்ணீருக்கு ஒரு சான்று

கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை மூன்று முறை எடுத்துப் படித்திருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்காரச் சுரங்கப் பொறியாளர் ஒருவரின் வாழ்க்கை அது. நிலக்கரிக் குழியில் கூடை சுமந்து தொடங்கியவர், பாறைகளைப் படித்துப் பொறியாளராகி, தங்கம் தேடிய ஒரு கம்பெனிக்காக நம் பக்கத்து மலைகளைச் சுத்தியலோடு நடந்தே அளந்தார். கடைசியில், இங்கே தங்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பங்கு விற்றுக்கொண்டிருந்த முதலாளிகள் மாற்றி எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். வேலை போயிற்று. அதன்பின் இரண்டு வருடம் வேலையில்லை என்று புத்தகத்தில் ஒரே வரி. அந்த வரியை மூன்று முறையும் நான் சட்டென்று தாண்டிப் போய்விட்டேன்.

நாங்கள் தெற்கேயிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். வீட்டில் எல்லாருக்கும் பனியன் கம்பெனிதான் கதி. நான் மட்டும் ஜியாலஜி படித்து, தண்ணீருக்கு ஆழ்குழாய் போர் போட இடம் பார்த்துச் சொல்லும் வேலையில் இறங்கினேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு இருக்கும். பல்லடம் ரோட்டில் ஒரு சாயப்பட்டறை முதலாளி தன் தோட்டத்தை மனை போட்டு விற்க இருந்தார். நல்ல தண்ணீர் உண்டு என்று சான்று வேண்டும். என்னை நம்பாமல் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும் கூட்டி வந்திருந்தார். அவர் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் முதலில் துளைத்தார்கள். புழுதிதான் வந்தது. அடுத்து நான் காட்டிய இடத்தில் தண்ணீர் பீறிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், தண்ணீர் சிவப்பு.

தோட்டத்து மூலையில் வற்றிப்போன பழைய போர் ஒன்று. அதன் வாய்க்குள் பட்டறையிலிருந்து ஒரு குழாய். காய்ந்த போர்தானே, போனது எங்கே திரும்பப் போகிறது என்று சாயக்கழிவை அதில் இறக்கியிருக்கிறார்கள். பாறை வெடிப்பு வழியாக அது இங்கே வந்து சேர்ந்திருந்தது.

“கண்ணு, கலரு ரெண்டு நாள்ல தெளிஞ்சுருமுங்க. நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்துருங்க. எங்காளுக போருக்கெல்லாம் உங்களையே கூப்புடச் சொல்றேன்” என்றார் முதலாளி.

அவர் சொன்னால் வட்டாரமே கேட்கும். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு அவர் முன் நீட்டினேன்.

“ஒரு வாய் குடிங்க ஐயா. அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

அவர் டம்ளரைத் தொடவில்லை. “திமிரு புடிச்ச புள்ளையா இருக்குதே” என்று தேங்காய்க்காரரிடம் சொன்னார். ஆமாம், திமிர்தான். ‘தண்ணீர் உண்டு. சாயம் கலந்தது. குடிக்க ஆகாது’ என்று எழுதி, என் பெயரை முழுசாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன்பின் என் போன் அடிக்கவே இல்லை. அக்காவோடு பனியன் கம்பெனிக்குப் போய், தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டினேன். அந்தப் பொறியாளரின் ஒற்றை வரி எவ்வளவு நீளம் என்று அங்கேதான் தெரிந்தது. பதினான்காவது மாதம், மத்தியானம், போன் அடித்தது. யாரோ ஒரு அம்மா.

“ஏனுங்க, மனை ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறமுங்க. தண்ணி பாக்கோணும். அந்தச் சாயத்தண்ணிய குடிக்க ஆகாதுன்னு எழுதுன புள்ள நீங்கதானுங்களா?”

கத்தரியைக் கீழே வைத்தேன்.

“ஆமா, நானேதான்.”