பதினான்கு படங்களும் ஒரு முகமும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் 'சினிமாக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்காக இல்லை. இருபத்தாறு வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவள் சொன்ன கதை ஒன்றே ஒன்றுதான். வயசுக் காலத்தில் பதினான்கு காட்டுப் படங்களில் கதாநாயகிக்கு டூப் போட்டாளாம். கயிற்றில் தொங்கியது, முதலைக் குளத்தில் குதித்தது, பாறைமேல் நின்று எட்டி உதைத்தது எல்லாம் அவள்தானாம். கேட்டவர்கள் வாய்க்குள்ளேயே சிரித்தார்கள். சூப்பர்வைசருக்கு அந்த நாகரிகமும் கிடையாது. "கேக்கறவன் கேனையா இருந்தா கேழ்வரகுல நெய் வடியும்," என்பார்.

ஊரார் நம்பாவிட்டால் தொலையட்டும். பெற்ற மகளும் நம்பவில்லை. மகளுக்கு அதே கூடத்தில் மடிப்பு மேசையில் வேலை. அம்மா கதையை ஆரம்பித்தாலே தலையைக் குனிந்துகொண்டு துண்டுகளை மடிப்பாள். அதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்தப் படங்களை அவளே பார்த்ததில்லை. விடியும்போது வண்டி வரும். சொன்னதைச் செய்வாள். இருட்டுவதற்குள் வண்டி கொண்டுவந்து விட்டுவிடும். கதை என்ன, யார் யாரைக் கொல்கிறார்கள் என்று டூப்பிடம் யார் சொல்லப்போகிறார்கள்? படம் வெளிவரும்போது அடுத்த படத்துக்கு எங்காவது மரத்தில் தொங்கிக்கொண்டிருப்பாள். கல்யாணத்துக்குப் பிறகோ வீட்டுக்காரருக்குச் சினிமா என்றாலே ஆகாது.

அம்மா ஓய்வு பெறும் நாளன்று மகள் அதில் ஒரு படத்தை எப்படியோ தேடிப் பிடித்து, மதிய இடைவேளையில் சாப்பாட்டு அறை டிவியில் போட்டாள்.

"இன்னைக்குத் தெரிஞ்சிடும்மா," என்றாள். குரலில் பாசம் பாதி, பயம் பாதி.

கதாநாயகி கயிற்றில் பறந்தாள். "அதோ, அது நான்," என்றாள் அம்மா.

"முதுகுதானே தெரியுது," என்றார் சூப்பர்வைசர். "முதுகைக் காட்டி யார் வேணா சொல்லிக்கலாம்."

அந்த மனுஷன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. ஆனாலும் சொன்னது நியாயம்தான்.

அடுத்து பாறை வந்தது. கதாநாயகியின் வெள்ளைக்கால் உயர்ந்து ஓங்கி உதைத்தது. உதை வாங்கிய காட்டுப் பெண் திரை முழுக்க வந்தாள். தார் பூசிய மாதிரி கறுப்பு, கொண்டையில் எலும்பு, பிதுங்கிய விழி, கோரமாகப் பிளந்த வாய். அலறிக்கொண்டே பள்ளத்தில் விழுந்தாள். அறையே கைதட்டியது.

"நல்லா வேணும் அந்தச் சனியனுக்கு," என்று மகள் சிரித்தாள்.

சினிமாக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் உடம்பில் வெள்ளையை மூன்று முறை பூசி, மணல் மூட்டையை உதைக்கச் சொன்னார்கள். விழுந்தது ஒரு வாரம் கழித்து, வேறொரு பாறையில். விழ ஆள் இல்லை, நீயே விழுந்துவிடு என்றார்கள், விழுந்தாள். இரண்டையும் இப்படி ஒட்டுவார்கள் என்று அவள் கண்டாளா? தன்னைத் தானே எட்டி உதைத்துக் கொன்றிருக்கிறாள். கொட்டகை கொட்டகையாக ஜனங்கள் அதற்குக் கைதட்டியிருக்கிறார்கள்.

வாயை மூடிக்கொண்டால் புளுகுமூட்டை என்ற பெயரோடு வீட்டுக்குப் போகலாம். திறந்தால், மகள் சனியன் என்று சொன்ன முகத்தைத் தன் முகம் என்று சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் பின்னாடி கொண்டு போ," என்றாள். "போதும், நிறுத்து."

பிளந்த வாயோடு அந்த முகம் அப்படியே நின்றது. எழுந்து போய் டிவி பக்கத்தில் தன் முகத்தை வைத்து, தானும் வாயைத் திறந்தாள். மேல் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு பற்கள். திரையிலும் அதே இரண்டு பற்கள், அதே பக்கம்.

சூப்பர்வைசர் வாயருகே கொண்டுபோன டீயைக் குடிக்க மறந்தார். மகளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அம்மா, அது நீயா? உன்னைப் போயா நான்..."

"உதைச்சதும் நான்தான், விழுந்ததும் நான்தான்டி."

"ஏம்மா, நிஜமான காட்டுக்காரங்க யாருமே கிடைக்கலையா?"

"நாலு பேர் வந்தாங்க. தலையைப் படிய வாரி, சட்டையெல்லாம் போட்டு, பதவிசா நின்னாங்க. பாத்தா காட்டுக்காரங்க மாதிரியே இல்லைன்னு டைரக்டர் திருப்பி அனுப்பிட்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, உன் கறுப்பு பத்தாதுன்னு மேல பூசினாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ உன் சொந்த நிறத்துல எந்தெந்தப் படத்துலம்மா இருக்கே?"

எண்ணிச் சொல்வதற்காக அவள் கையை விடுவித்து உயர்த்தினாள். முதல் படம், வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவது, நான்காவது என்று பதினான்கும் மனதில் ஓடி முடிந்தன. விரித்த கை விரித்தபடியே இருந்தது, ஒரு விரல்கூட மடங்கவில்லை.