செய்யாத பாவத்தை அறிக்கையிடாத அக்கா

என் அக்கா கர்த்தரிடம் சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில், கூடப்பிறந்த தம்பி கண்ணீரோடு எழுதிய இந்தப் பக்கங்களை வைக்கிறேன்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் அப்பா உபதேசியாராக இருந்தபோது அக்கா பிறந்தார். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியப் பயிற்சி முடித்தார். அத்தானும் ஆசிரியரே. திருமணத்துக்குப் பின் இருவரும் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு மிஷன் பள்ளியில் வேலை பார்த்தார்கள். தானியேல், கிரேஸ் என்று இரண்டு குழந்தைகள். தானியேல் வாய் ஓயாமல் பேசுவான். கிரேஸ் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிவாள்.

ஒரு வருஷம் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு ஊருக்குள் காலரா வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அக்கா. பார்க்க ஆளில்லாத நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுத்தார். அந்த அக்காவின் வீட்டுக்குள்ளேயே நோய் நுழைந்தது. முதலில் கிரேஸ் போனாள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அத்தான் படுத்தார். அவரை அடக்கத்துக்குத் தூக்கிச் செல்லும்போதே தானியேலுக்குக் கண் செருகிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா பிள்ளைகளின் சட்டைகளை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "யாரும் மிஞ்சலடா தம்பி," என்றார்.

நான் மில் வேலையாக மதுரைப் பழங்காநத்தத்தில் குடியிருந்தேன். அக்காவை அங்கே அழைத்து வந்தேன். சில வாரங்களில் எங்கள் சபை மூப்பர் வீட்டுக்கு வந்தார்.

"இங்க பாரும்மா, ஒரே வீட்டுல இம்புட்டு அடி சும்மா விழாது. மறைச்சு வச்ச பாவம் ஏதோ இருக்கு. சபைக்கு முன்னால அறிக்கை பண்ணிரு. அதுவரைக்கும் திருவிருந்துக்கு வர வேணாம்."

அக்கா எழுந்து நின்றார். "ஐயா, நானும் பாவிதான். தெரிஞ்சதையெல்லாம் ஆண்டவர்கிட்டச் சொல்லிட்டேன். ஆனா பிள்ளைக செத்ததுக்குக் காரணம்னு இல்லாத ஒண்ண இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டேன். அது அவர் மேலயும் பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

அவர் போனபின் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "இனி அந்தக் கோயிலுக்குப் போக வேணாம்க்கா," என்றேன்.

"எனக்கு வழக்கு ஆண்டவரோடதான்டா. அவர் வீட்டுக்குப் போகாம வேற எங்க போய்க் கேக்க?"

ஞாயிறு தவறாமல் போனார். மற்றவர்கள் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து நடக்கும்போது கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். பாட்டு வரும்போது உதடு அசையும், குரல் எழும்பாது. வீட்டில் அவர் செய்த ஜெபம், "ஏன் ஆண்டவரே?" என்பது மட்டுமே. பதில் வந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. மறுநாள் காலையிலும் முழங்கால் போட்டுக் கேட்பார்.

வெகுகாலத்துக்குப் பின் போதகர் மாறினார். புதியவர் நடந்ததை விசாரித்தார். அடுத்த திருவிருந்தில் அப்பத்தையும் பாத்திரத்தையும் தாமே எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்து வந்தார். "அம்மா, சபை உங்களுக்குத் தப்புப் பண்ணிருச்சு. மன்னிச்சு வாங்கிக்கங்க," என்றார். அக்கா வாய்விட்டு அழுததை அன்றுதான் கண்டேன்.

இனியாவது நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தோம். மார்பில் கட்டி வந்தது. யுத்த காலம், மருந்தும் அரிதாகியிருந்தது, அரிசியும் அரிதாகியிருந்தது. வலியில் சுருண்டு கிடந்தபோது, "போதும் ஆண்டவரே, போதும்," என்று அவரிடமே முறையிட்டார். வலிக்கவில்லை என்று எங்களுக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை.

சிகிச்சை செய்த மருத்துவருக்கும், உடனிருந்து ஜெபித்த போதகருக்கும், பெட்டியைச் சுமந்த மில் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தம் பங்கீட்டு அரிசியில் கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்ட அடுத்த வீட்டுப் பாத்திமா அம்மாளுக்கு நன்றி என்ற சொல் போதாது. கடைசி நாளன்று அக்கா ஒடுங்கிய கன்னத்தைத் தடவியபடி, "இம்புட்டு மாறிப் போயிட்டேனே, பிள்ளைகளுக்கு என்னைய அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். பாத்திமா அம்மாள்தான், "குரல் மாறலையே அக்கா. கூப்பிடுங்க, ஓடி வந்துருவாக," என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். விளையாடப் போன பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல், "தானியேலு... கிரேசு..." என்று மெல்லக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு எங்களோடு பேசவில்லை.