சுவரில் நாங்கள் வரைந்த ஆறு

மேலப்பாளையம் தாண்டி, வாய்க்காலை ஒட்டி இருக்கிறது எங்கள் தெரு. தெரு முடிகிற இடத்தில் முன்பு ஒரு பாதை இருந்தது. அதில் இறங்கி நடந்தால் உடனே பஸ் ஸ்டாப். அந்தப் பக்கத்து வயல்களை மனை போட்டு விற்று, பெரிய வீடுகள் வந்த பிறகு, அங்கே குடிவந்தவர்கள் பாதையை மறித்து ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள். கேட்டதற்குத் திருட்டு பயம் என்றார்கள். யாரைத் திருடர் என்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். சுவர் வந்த நாளிலிருந்து வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் பஸ் பிடிக்கிறேன். மழைக்காலத்தில் சேலையெல்லாம் சேறாகிவிடும். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஓவியக் குழு வந்தது. எல்லாம் படித்த பிள்ளைகள். அவர்களுக்குத் தலைவர் ஒரு டிராயிங் மாஸ்டர். நாங்கள் சார் என்போம். ஊர் ஊராகப் போய், அங்கே இருக்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு சுவரில் படம் வரைவது அவர்கள் வழக்கம். சார் தெருக்காரர்களை உட்காரவைத்து, “உங்க சுவர்ல என்ன வரையலாம், நீங்களே சொல்லுங்க” என்று கேட்டார்.

எதிர்வீட்டு அக்கா மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். யாருக்கும் பயப்படமாட்டாள். “படம் எதுக்கு சார்? எங்களுக்குப் பாதைல்லா வேணும். அது எங்க சுவரா? எங்கள மறிச்சிக் கட்டுனதுல்லா” என்றாள்.

சார் சிரித்தார். “அதையும் பேசுவோம்க்கா. முதல்ல நாலு பேர் கண்ணு இந்தத் தெரு மேல விழட்டும். படம் வந்தா பேப்பர்ல வரும். பொறவு நீங்க சொல்லுதத அதிகாரிங்க கேப்பாங்க.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் நம்பினேன்.

பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைவேன். கல்யாணத்துக்குப் பிறகு வாசல் கோலத்தோடு சரி. நான் கரித்துண்டால் ஒரு நாரையைக் கோடு இழுத்ததைப் பார்த்துவிட்டு, சார் பெரிய பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. தாமிரபரணி, படித்துறை, மருதமரம், நாரைக் கூட்டம். பிள்ளைகள் உள்ளங்கையில் பெயிண்டைத் தடவிச் சுவரில் பதித்தார்கள். வீட்டுக்கு வீடு டீ போட்டுக் கொண்டுவந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிவது அதனால்தான்.

திறப்பு விழாவுக்கு நாற்காலி போட்டார்கள். ரிப்பன் வெட்டியவர் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர். “பெயிண்ட் முழுக்க செயலாளர் அண்ணாச்சி உபயம்” என்று சார் மைக்கில் சொன்னபோதுதான் எங்களுக்கே தெரியும். அக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

கொஞ்ச நாளில், எங்கள் மனுவை விசாரிக்கத் தாசில்தார் வந்தார். செயலாளர் பேப்பரில் வந்த படத்தை நீட்டினார்.

“பாருங்க சார், இவங்களே ஆசையா வரைஞ்சிருக்காங்க. இத இடிக்கணுமாம். நல்லாவா இருக்கு?”

படத்தில் பிரஷ்ஷோடு சிரித்துக்கொண்டிருந்தேன். தாசில்தார் என்னைப் பார்த்தார். “இது நீங்கதானம்மா?”

“ஆமா சார். ஆனா…”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறிவிட்டார்.

சாருக்குப் போன் போட்டேன். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

“கலையில அரசியலக் கலக்கக் கூடாதும்மா. ரெண்டு பக்கமும் எங்களுக்கு வேண்டியவங்கதான்.”

“பெயிண்ட் ஒரு பக்கத்துல இருந்துதானே வந்துது சார்?” என்றேன். போன் கட்டாகிவிட்டது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. “ஏட்டி, அந்தச் சாணிக் கூடையத் தூக்கு” என்றாள். இருவருமாகச் சுவர் நெடுக எரு தட்டினோம். ஆறு, படித்துறை, மரம் எதையும் விடவில்லை.

வெளியூர் ஆட்கள் சிலருக்குப் படத்தைக் காட்டச் சார் கூட்டிக்கொண்டு வந்தபோது எரு பாதி காய்ந்திருந்தது. அவர் முகம் கறுத்துவிட்டது.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? இது உங்க படம்லா!”

“எங்க படம்னா எரு தட்டுததும் எங்க இஷ்டம்” என்றாள் அக்கா. “சுவரு யாருதோ, அவங்கள வந்து கேக்கச் சொல்லுங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்களாவது தடுத்திருக்கலாமே.”

சாணிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

சுவர் நிற்கிறது. புதிதாக ஒரு மனு கொடுத்திருக்கிறோம். குழு இப்போது பத்தமடைப் பக்கம் ஒரு தெருவில் வரைகிறதாம். அங்கே போய் அந்தப் பெண்களிடம், பெயிண்ட் யார் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள் என்று சொல்ல ஆசை. கடையில் லீவு தர மாட்டேன் என்கிறார்கள்.