களவாக் குஞ்சுகளுக்குப் பார்த்த தொட்டி

மருமகன் கையில் அளவு நாடாவோடு கூடத்துச் சுவரை ஒட்டி நின்றுகொண்டு, "மாமா, தொட்டிக்கு நீளம் முக்கியமா, ஆழம் முக்கியமா?" என்று கேட்டார். ஆஸ்கர் என்று ஒரு மீனாம். இப்போது விரல் நீளம்தான். வளர்ந்தால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் விழுங்கிவிடுமாம். வளரும் மட்டும் போட்டு வைக்க ஒரு தொட்டி வேண்டும். தூத்துக்குடியில் இருந்த ஆள், ஏதாவது சொல்வார் என்று பாவம் எதிர்பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். இதற்கு முன் தொட்டி விஷயமாக என்னிடம் யோசனை கேட்டவர் ஒருவர்தான். அவருக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

ராயப்பன் என்று பெயர். சங்கு குளிக்கிறவர். எழுபதுகளின் தொடக்கம், புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓர் உப்புக் கம்பெனியில் கிளார்க். அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒருநாள் கடலடியில் அவருக்குக் காது கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. இனிமேல் முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை வீட்டில் தங்காத மனிதர் பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் திட்டுவார். அவர் மனைவி திரேசம்மா வலை முடிந்துதான் அடுப்பு எரிந்தது.

அந்த நேரத்தில் ஒரு கப்பல் ஏஜென்சிக்காரர் புதிதாக ஆபீஸ் கட்டினார். வாசலில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து நம் கடல் மீனை விடவேண்டும் என்று அவருக்கு ஆசை. ராயப்பண்ணனைக் கூப்பிட்டு, "புள்ளி போட்ட களவா வேணும்வே. ஆபீஸ் திறக்கதுக்குள்ள சாண் அளவுக்கு வளத்துக் கொண்டாரும். பெறகு அதுகளப் பாத்துக்கிடுத வேல உமக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் ஓட்டமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, சட்ட போட்டுட்டுப் பாக்குத வேல! திரேசா வலையத் தூக்கிக் கெடாசிரலாம்லா!"

கல்லிடுக்கில் மீன் பிடிக்கிற கூடு வைத்துக் களவாக் குஞ்சுகள் பிடித்து வந்துவிட்டார். களவா இருக்கிறதே, அது குஞ்சிலேயே ராட்சசன். தன்னைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒன்று எதிரே வந்தால் போதும், வாலைக்கூட மிச்சம் வைக்காது. எதில் விட்டு வளர்ப்பது? கப்பலில் கழித்துப்போட்ட இரும்பு டிரம் துருப்பிடித்துக் கிடந்தது. இன்னொன்று அவர் வீட்டுக் கொல்லையில் பூவரச மரத்தடியில் இருந்த ஆழமான சங்குத் தொட்டி.

சங்குத் தொட்டி வாடை உங்களுக்குத் தெரிந்திருக்காது. உள்ளே இருக்கிற சதை அழுகிக் கழன்று வரட்டும் என்று சங்கைக் கொட்டி வைப்பார்கள். சொக்காய், தலைமுடி, தின்கிற சோறு எல்லாவற்றிலும் அது ஏறிவிடும். பெண் பார்க்கப் போன அன்று என் மேல் அந்த வாடை அடித்ததாக என் வீட்டுக்காரி இன்றைக்கும் மூக்கைப் பிடித்துக் காட்டுவாள். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் போகாது என்று சொல்லி அந்தத் தொட்டியை வேண்டாம் என்றேன்.

எங்கள் கம்பெனியில் உப்புக் கழுவிக் கைவிட்ட ஒரு சிமெண்டுத் தொட்டி சும்மா கிடந்தது. முழங்கால் ஆழம்தான், ஆனால் கல்யாணப் பந்தி போடுகிற அகலம். "அகலமா இருந்தா ஒண்ணுக்கொண்ணு தள்ளி நிக்கும், சண்டை வராது" என்று பெரிய மீன் டாக்டர் மாதிரி விளக்கினேன். முதலாளியிடம் அனுமதியும் வாங்கினேன். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "படிச்ச மூளை படிச்ச மூளதாம்லே!"

என் யோசனை முதலில் பலிக்கவும் செய்தது. அங்கங்கே ஓடு கவிழ்த்துப் போட்டோம். ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் ஓட்டடியைப் பிடித்துக்கொண்டது. சாளை மீனை நறுக்கிப் போட்டால் பாய்ந்து வந்து கவ்வும். சாணுக்குக் கொஞ்சம்தான் குறை என்கிற மட்டும் வளர்ந்துவிட்டன. அப்போது கச்சான் காற்று தொடங்கியது. அனலாக அடித்தது. காலையில் பார்த்தால் தண்ணீர் இறங்கியிருக்கும். அண்ணன் கடலிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவந்து நிரப்புவார். மறுநாள் மறுபடி இறங்கும், மறுபடி நிரப்புவார். குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. சோறு கொண்டுவந்த திரேசம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, இதுகளுக்குத் தாகமா இருக்கோ என்னமோ, ஒரு கொடம் நல்ல தண்ணி ஊத்துவமா?" என்றாள். "ஏளா, குழாயடியில குடுமிப்பிடிச் சண்ட போட்டுப் பிடிக்க தண்ணி, கடல்ல பொறந்ததுக்கா?" என்றார் அண்ணன். மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

ஒருநாள் காலையில் அத்தனையும் வயிறு வெளுத்து மிதந்தன. சுவரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்புப் பாத்தியில் தண்ணீரின் உப்பு டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயை எடுத்துவந்து விட்டுப் பார்த்தேன். கடல்தண்ணீருக்குப் போட்ட கோடெல்லாம் தாண்டி எங்கேயோ நின்றது. வெயிலும் காற்றும் தண்ணீரை மட்டும் கொண்டுபோயின. உப்பு அங்கேயே இருந்தது. அதன் மேல் நாங்கள் தினமும் இன்னும் உப்பை ஊற்றினோம். அகலமான, ஆழமில்லாத தொட்டி, கச்சான் காற்று, கடல் தண்ணீர். சேர்த்தால் என்ன கிடைக்கும்? ஆறுமுகநேரியில் உப்பளத்துக் கூலிக்காரனுக்குப் பிறந்து, உப்புக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிற எனக்கு இது தெரியவில்லை. மீனுக்கு நான் பாத்தி கட்டிக் கொடுத்திருக்கிறேன், சண்டாளன்!

அங்கேயே அண்ணனிடம் சொன்னேன். அவர் செத்த மீன் ஒன்றைக் கையில் வைத்து விரலால் சாண் போட்டுப் பார்த்தார். "தொட்டியில என்னய்யா இருக்கு? ஊத்துனது நாந்தான்லா" என்றார். சோறு கொண்டுவந்த திரேசம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். ஏஜென்சிக்காரர் மெட்ராஸிலிருந்து தங்கமீன் வாங்கினார், அதுகளைப் பார்த்துக்கொள்ளக் கூடவே ஓர் ஆளும் வந்தான். ராயப்பண்ணனை எங்கள் உப்பளத்திலேயே உப்பை வாரிச் சேர்க்கிற வாருபலகை இழுக்கச் சேர்த்துவிட்டேன். அதுதான் என்னால் முடிந்தது. ஆழக்கடலில் முங்கியவர், கணுக்கால் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றார். பாதம் வெடித்துப் போயிற்று. திரேசம்மா கடைசிவரை வலையை விடவில்லை.

அவரைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு அதே பேச்சுத்தான். "தொட்டி பாத்தது நான்தானே அண்ணே." அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "தண்ணி செமந்தவன் நான். எம் பாவத்த நீரு என்னத்துக்குவே பிடுங்குதீரு?" டீக்கடையில் ஆட்கள் வேடிக்கை பார்க்கிற அளவுக்குச் சண்டை போடுவோம். ஒருதரம் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அந்தத் தொட்டி போய்விட்டது, உப்பளமும் போய்விட்டது. அங்கே கண்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். ராயப்பண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது "தொட்டி பாத்தது நான்தான்" என்று சொன்னால், இல்லை என்று மறுக்க ஒருவரும் இல்லை.