இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

டிகிரி முடித்ததும் டீச்சராக எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் ஒழுங்காகப் போய் பி.எட். படிப்பது. இன்னொன்று, செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட் காட்டிய வழி.

"வெளி மாநிலத்துக் காலேஜும்மா. க்ளாசுக்கே போவத் தேவல. பரீட்சைக்கு மட்டும் வேன்ல நாங்களே இட்டுனு போய் இட்டாந்துடுவோம்" என்றார். அவர் காலடியில் ஒரு கட்டைப் பை. யார் யாருடையதோ ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் அதில் கத்தையாகக் கிடந்தன. பார்த்ததுமே இது சரியில்லை என்று தெரிந்தது. தெரிந்தும் எனக்கு அந்த வழிதான் பிடித்தது.

காரணத்தை வீட்டில் சொல்லவில்லை. கல்லூரிக்குப் போனால் பயிற்சிக்கென்று ஒரு பள்ளிக்கு அனுப்புவார்கள். நாம் பாடம் நடத்த, கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து குறை எழுதுவார். டிகிரி படித்தபோது ஒரே ஒரு செமினாரில் எழுந்து, கை நடுங்கி சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தவள் நான். டீச்சராக ஆசை, நாலு பேர் முன்னால் நிற்கப் பயம். நீச்சல் வரவேண்டும், தண்ணீரில் மட்டும் இறங்கமாட்டேன் என்றால் எப்படி?

நைனா, "காலேஜுக்கே போ" என்றார். அம்மாவுக்குக் குழப்பம். "நாம இன்னாத்தக் கண்டோம்? ஆத்தாளயே கேட்டுடலாம்" என்றாள். போர்வெல் போடுவதானாலும் பெண் கொடுப்பதானாலும் எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் கல்லூரி, சிவப்பு வந்தால் ஏஜென்ட் என்று பேசிக்கொண்டோம். கட்டுகிற வேலை என்னிடம் வந்தது. நான் இரண்டிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன்.

கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போனோம். அம்மா வெகுநேரம் முணுமுணுத்துவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த இன்னொண்ணயும் பிரிச்சிப் பாத்துடலாமா?" என்றாள். எனக்கு உயிரே இல்லை.

"வேணாம்மா, சாமிய சந்தேகப்படுறாப்ல ஆயிடும்" என்றேன். பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டாள். திரும்பும்போது அந்தப் பொட்டலத்தை பஸ் ஜன்னல் வழியாக எறிந்தேன். செஞ்சி வரும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே சுலபமாக நடந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பரீட்சை ஹாலில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதினோம், ஏன் என்று கேட்க ஆளில்லை. சர்டிபிகேட் வந்தது. அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்தது. முதல் மாதம் நடுங்கினேன். அப்புறம் நடுக்கம் தானாக நின்றுவிட்டது. பிள்ளைகள் என்னைக் கண்டால் ஓடி வந்தார்கள். இவ்வளவுதானா, இதற்கா அப்படிச் செய்தோம் என்று கழிவறையில் நின்று அழுதேன். அதற்குள் என் சர்டிபிகேட்டை உண்மைத்தன்மை பார்க்க அந்த வெளி மாநிலத்துக் காலேஜுக்கே அனுப்பிவிட்டார்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கரும்பலகையில் என் கை நின்றுவிடும்.

பதில் ஒரே வரிதான். இப்படி ஒருவர் எங்களிடம் படிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு நாள்கூட நான் அங்கே படிக்காதது நிஜம்தானே? வேலை அன்றைக்கே போயிற்று. ஏஜென்டைத் தேடிப் போனால், அந்த மாடி அறையில் யாரோ துணி தைத்துக்கொண்டிருந்தார்கள்.

நைனா தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா அழவில்லை. "அவளக் கேட்டுத்தான செஞ்சோம்? எம் பொண்ண நட்டாத்துல உட்டுட்டாளே" என்று சொல்லி, சாமி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அமாவாசை தவறாமல் மலையனூருக்குப் போய்க்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகு போகவே இல்லை. போன அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் எங்கள் வாசலைத் தாண்டியபோது, பழக்கத்தில் கும்பிடப் போய், பாதியில் கையை இறக்கிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பொய் சொன்னது அவள் ஆத்தாள் இல்லை, நான்தான் என்று இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.