கியர் இடது பக்கம் இருந்த பச்சை புல்லட்

காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே, டீக்கடை வாசலில் ஒரு மிலிட்டரி பச்சை புல்லட் நின்றிருந்தது.

அந்தக் காலத்து புல்லட்டில் கியர் வலது காலுக்கு இருக்கும். இதில் இடது பக்கம். புது வண்டிக்குப் பச்சை பெயிண்ட் என்று முடிவு கட்டினேன். இன்ஜினைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. போட்டோ எடுத்து ‘டூப்ளிகேட் மிலிட்டரி’ என்று இங்கே இந்தப் பக்கத்தில் பதிவு போட்டேன். நீங்களும் சிரித்தீர்கள்.

டீ கிளாசோடு ஒரு பெரியவர் வந்தார். “இன்னா நைனா, என் வண்டியவே பாத்துகினு கீற?”

“கியர் லெப்ட்ல இருக்கே, பழைய வண்டி இல்லையே” என்றேன்.

“கரெக்டா கண்டுபிடிச்ச. மிலிட்டரி ஏலத்துல எடுக்கசொல்ல ரைட்லதான் இருந்திச்சு. பட்டாளத்துல இருக்கசொல்லவே என் ரைட்டு பாதம் போயிடுச்சு. இது கட்டைக்காலு. பிரேக்க மிதிக்கும், கியர தூக்காது. அதான் மெக்கானிக்கு கியர இந்தாண்ட, பிரேக்க அந்தாண்ட மாத்திக் குடுத்தான்.”

வேட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

“போட்டோ எடுத்தியே, எனக்கும் அனுப்பு. திருப்பதில படிக்கிற பேத்திக்கு காட்டணும்.”

அனுப்பினேன். பதிவையும் நீக்கிவிட்டேன்.

அதற்குள் யார் யார் எங்கெங்கே ஷேர் செய்தீர்கள், தயவுசெய்து சொல்லுங்கள். அந்தப் பேத்தி எந்த குரூப்பில் இருக்கிறாளோ தெரியவில்லை.